மின்கட்டணம் 10 ரூபாய், போனது 83,500: 'ஓ.டி.பி. சரியாகத்தானே வந்தது' என்கிறது வங்கி

காவிரிக்கரை
12 ஜூன் 2025, காலை 6.10

இரவு முழுக்கத் தூங்கவில்லை. தட்டச்சில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அப்பாவுக்கு 71 வயது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பவானியில் இருக்கிறோம். நேற்று இரவு 9.20-க்கு அவர் போனுக்கு ஒரு செய்தி: போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும். அழைத்திருக்கிறார். எதிர்முனையில் நல்ல தமிழ், 'ஐயா' என்றே பேசினானாம். கட்டணம் கட்டியாகிவிட்டது, பதிவைப் புதுப்பிக்க 10 ரூபாய் மட்டும் செலுத்துங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினான். அப்பா அதை நிறுவினார். உள்ளே மின்வாரியச் சின்னத்தோடு ஒரு பக்கம். அதில் டெபிட் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று எண் எல்லாம் கொடுத்துவிட்டார். 'சர்வர் பிசி, காலையில் ஆகிவிடும், படுத்துக்கொள்ளுங்கள் ஐயா' என்று சொல்லி வைத்துவிட்டான்.

9.42-க்கு 49,000. 9.44-க்கு 25,000. அப்பாவின் போனில் ஒரு குறுஞ்செய்தியும் இல்லை. கணக்கில் என் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்ததால் மாடியில் இருந்த எனக்குத் தெரிந்தது, அதுவும் இருபது நிமிடம் கழித்து. அம்மாவின் போனிலிருந்து 10.05-க்கு வங்கியின் உதவி எண்ணை அழைத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டு கேள். ஆள் கிடைத்து கார்டை முடக்கும்போது 10.31. நடுவில் 10.18-க்கு இன்னொரு 9,500 போய்விட்டது. பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போதே!

இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்தேன், நான்காவது முறை 11.10-க்குக் கிடைத்தது. புகார் எண் வந்திருக்கிறது. இனி என்ன செய்வது? அப்பா யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

நிரலி
12 ஜூன், காலை 6.34

முதலில் அந்தப் போன். இன்னும் இணையத்தில் இருக்கிறதா? விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பணம் எடுத்தாகிவிட்டது என்று அவன் சும்மா இருக்கமாட்டான். அதே போனிலிருந்து அப்பாவின் நண்பர்களுக்கு அதே கோப்பை அனுப்புவான்.

வந்தது ஏ.பி.கே., அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்புதான். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வருவது. நிறுவும்போது 'குறுஞ்செய்தி படிக்க அனுமதியா' என்று கேட்டிருக்கும், அப்பா 'ஆம்' என்று தட்டியிருப்பார். சிலவை தம்மையே முதன்மை மெசேஜ் செயலியாக்கிக்கொள்ளும். அப்போது ஓ.டி.பி. வந்த சத்தமும் இருக்காது, செய்தியும் இருக்காது. உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் தெரிகிறது. அப்பா ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லவில்லை, அது தானாகப் போனது. இந்த வேறுபாடு பின்னால் வங்கியோடு பேசும்போது முக்கியம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போனை இப்போதே ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். அதுதான் சாட்சி. அந்த வாட்ஸ்அப் உரையாடல், கோப்பின் பெயர், அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் வேறொரு போனால் படம் எடுங்கள். காவல் நிலையத்தில் காட்டிய பிறகு துடைத்துக்கொள்ளலாம். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ##002# அழுத்துங்கள். அழைப்பைத் திருப்பிவிடும் ஏற்பாடு ஏதாவது செய்திருந்தால் ரத்தாகும். வங்கிக் கடவுச்சொல், யு.பி.ஐ. பின், மின்னஞ்சல் கடவுச்சொல் எல்லாவற்றையும் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

வெட்டிப்பேச்சு
12 ஜூன், காலை 7.02

தப்பா எடுத்துக்காதீங்க, படிச்ச வாத்தியார், மூன்று எண்ணையும் கொடுத்துட்டு வங்கி மேல பழி போட்டா எப்படி? எத்தனை தடவை டிவியில சொல்றாங்க. பத்து இலக்க செல் நம்பர்ல இருந்து மின்வாரியம் எதுக்கு மெசேஜ் அனுப்பப் போகுது?

பழைய_மேலாளர்
12 ஜூன், காலை 7.40

வெட்டிப்பேச்சு தம்பி, 34 வருடம் வங்கியில் இருந்தேன். ஏமாந்து வந்தவர்களில் படிக்காதவர்களைவிடப் படித்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுபவருக்குத்தான் 'கட்டவில்லை' என்றால் பதறும். பாக்கி வைப்பவன் அந்தச் செய்தியைப் படிக்கவேமாட்டான்.

காவிரிக்கரை, இன்று காலை கிளை திறக்கும் நேரத்துக்கு அப்பாவோடு போய் நில்லுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். 'போனில் சொல்லிட்டீங்களே, போதும்' என்பார்கள். போதாது. புகாரில் மூன்று பரிவர்த்தனையையும் தனித்தனியாக எழுதுங்கள், மொத்தமாக 83,500 என்று எழுதாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் அனுமதிக்காத மின்னணுப் பரிவர்த்தனையில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று அதில் இருக்கிறது. தவறு வங்கியுடையதாக இருந்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். தவறு வங்கியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, வேறெங்கோ என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் பூஜ்யம். 4 முதல் 7 நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 வரை உங்கள் தலையில். அதற்கு மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கை.

உங்களுக்குக் கசப்பான வரி ஒன்றும் உண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால், அதாவது கார்டு விவரத்தை அவரே கொடுத்ததால் நடந்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. சொன்ன பிறகு நடப்பது வங்கியுடையது. வங்கி இந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் அழைத்தது 10.05, மூன்றாவது பரிவர்த்தனை 10.18. அம்மாவின் போனில் அந்த அழைப்புப் பதிவு இருக்கிறதா? உங்கள் கையில் இருக்கும் வலுவான தாள் அதுதான்.

காவிரிக்கரை
12 ஜூன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. அழைப்புப் பதிவு இருக்கிறது, 26 நிமிடம் 11 விநாடி. படம் எடுத்துவிட்டேன்.

கிளையில் முதலில் வாங்க மறுத்தார்கள், 'ஆன்லைனில் போடுங்க' என்று. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, 'என் மனுவை வாங்குங்கள், அல்லது வாங்க மறுக்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள்' என்றார். வகுப்பறைக் குரல். வாங்கிவிட்டார்கள். நேற்று இரவுக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

ஈரோட்டில் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போனோம். 1930 புகார் எண்ணைக் கொடுத்ததும் கணினியில் பார்த்துச் சொன்னார்கள்: 49,000 ஒரு வாலட்டுக்குப் போய், அங்கிருந்து இரண்டு வங்கிக் கணக்குகளுக்குப் பிரிந்திருக்கிறது. ஒன்றில் ஏ.டி.எம். வழியாக எடுத்துவிட்டார்கள். இன்னொன்றில் 31,200 நிற்கிறது, லியன் போட்டிருக்கிறார்களாம். 25,000 பரிசுக் கூப்பன்களாக மாறிவிட்டது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

லியன் என்றால் பணம் திரும்ப வரும் என்று அர்த்தமா?

வழக்கறிஞர்_நெல்லை
12 ஜூன், இரவு 10.02

வரும் என்று அர்த்தமில்லை. போகாது என்று அர்த்தம். அந்த 31,200-ஐ அந்தக் கணக்குக்காரர் தொட முடியாது, அவ்வளவுதான். அது உங்கள் கைக்கு வர, பெரும்பாலும் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு விடுவிப்பு உத்தரவு வாங்கவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 457, இப்போதைய பி.என்.எஸ்.எஸ்.-இல் 503. அதற்கு முதல் தகவல் அறிக்கை கையில் இருந்தால் வேலை எளிது, சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 318 ஆகிய பிரிவுகள் பொருந்தும். பணிவாக, விடாமல் கேளுங்கள்.

கூப்பன் விஷயத்தில் நேரம் முக்கியம். கூப்பன் விற்ற தளத்துக்கு இன்றே பரிவர்த்தனை எண், புகார் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பயன்படுத்தாத கூப்பன் மிச்சம் இருந்தால் ரத்து செய்ய வாய்ப்பு உண்டு.

சுங்குடிக்கடை
13 ஜூன், காலை 11.20

மதுரையில் சின்ன சேலைக்கடை. இந்த லியன் பேச்சைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இந்தக் கதையின் அடுத்த முனையில் நிற்கிறவன்.

போன மாதம் ஒருவர் கடைக்கு வந்து ஒரு சுங்குடி சேலை எடுத்தார். கியூ.ஆர். ஸ்கேன் பண்ணி 1,150 போட்டார், போனார். பத்து நாள் கழித்து என் கணக்கு முழுக்க முடங்கியது. உள்ளே இரண்டு லட்சத்துச் சொச்சம், சாயத்துக்கும் நூலுக்கும் கொடுக்கவேண்டிய பணம். கிளையில் கேட்டால் 'வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லியிருக்கு, அங்க போய்ப் பேசுங்க' என்றார்கள். எவன் பணத்தையோ எவனோ திருடி, அது நாலு கை மாறி, என் கடையில் சேலையாகிவிட்டது. காவிரிக்கரை அண்ணே, உங்க அப்பா பணம் வந்து நின்ற கணக்குக்காரரும் என்னை மாதிரி ஒருத்தராக இருக்கலாம் இல்லையா?

காவிரிக்கரை
13 ஜூன், பகல் 12.05

இருக்கலாம். அப்படி நான் யோசிக்கவே இல்லை. ஆனால் 31,200-க்கு ஒரே நேரத்தில் சேலை எடுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வழக்கறிஞர்_நெல்லை
13 ஜூன், மாலை 5.48

சுங்குடிக்கடைக்கு: சந்தேகத் தொகை 1,150 என்றால் முடக்கவேண்டியது 1,150-ஐ. முழுக் கணக்கையும் அல்ல. கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் இப்படிச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் ஒரு வழக்கில், தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கியதைக் கண்டித்து, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை இயக்க அனுமதித்தது.

வங்கியிடம் எழுத்தில் கேட்கவேண்டியவை: எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை. அந்த நிலையத்துக்கு மின்னஞ்சலில் கடையின் பில், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அது, அன்றைய கேமராப் பதிவு எல்லாம் அனுப்புங்கள். நகல் வங்கிக்கும். யாராவது போனில் 'பத்தாயிரம் கொடு, எடுத்துவிடுகிறேன்' என்றால் கொடுக்காதீர்கள்.

நெறியாளர்
13 ஜூன், மாலை 6.30

'இழந்த பணத்தை 48 மணி நேரத்தில் மீட்டுத் தருகிறோம், முன்பணம் 2,000' என்று மீட்பு_சேவை என்ற பெயரில் வந்த மூன்று பதிவுகளை நீக்கிவிட்டேன். தனி மடல் வந்திருந்தால் பதில் எழுதாதீர்கள். ஏமாந்தவர்கள் கூடும் இடத்துக்கு இவர்கள் ஈ மாதிரி வருகிறார்கள்.

காவிரிக்கரை
13 ஜூன், மாலை 7.12

எனக்கும் வந்தது. அனுப்பியவனின் சுயவிவரப் படத்தில் அசோகச் சின்னம்! 25 மணி நேரத்துக்கு முன்னால் இருந்த மனநிலையில் என்றால் அனுப்பியிருப்பேன், உண்மையைச் சொல்லவேண்டும்.

வெட்டிப்பேச்சு
13 ஜூன், இரவு 8.40

நேற்று கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். ஒரு சந்தேகம். அவர் போனில் யு.பி.ஐ. இருந்ததா? அதை ஏன் தொடவில்லை?

நிரலி
13 ஜூன், இரவு 9.25

நல்ல கேள்வி. யு.பி.ஐ. செயலி ஒரு போனோடும் ஒரு சிம்மோடும் கட்டப்பட்டிருக்கும். புதுப் போனில் பதிய, அந்த சிம்மிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போகவேண்டும். சில கும்பல்கள் அதற்காகவே 'இந்தச் செய்தியை அப்படியே இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று புரியாத எழுத்துக் கோவை ஒன்றைத் தருவார்கள். அனுப்பினால் உங்கள் கணக்கு அவன் போனில் திறக்கும். அதன் பிறகும் பின் வேண்டும், புதுக் கருவிக்கு முதல் 24 மணி நேரத்தில் குறைந்த வரம்பு வைத்திருக்கிறார்கள். கார்டுக்கு அதெல்லாம் இல்லை: கார்டு விவரம், ஒரு ஓ.டி.பி., முடிந்தது. அவனுக்கு எது சுலபமோ அதில் போனான்.

அந்த கார்டில் இணையப் பரிவர்த்தனை ஏன் திறந்திருந்தது? 2020 அக்டோபர் முதல் கார்டுகளில் அதைத் தனியாக இயக்கவும் அணைக்கவும், வரம்பு வைக்கவும் வசதி கொடுத்தே ஆகவேண்டும் என்பது விதி.

காவிரிக்கரை
13 ஜூன், இரவு 9.50

திருப்பதியில் அறை பதிவு செய்ய நான்தான் திறந்துவிட்டேன். இரண்டு வருடம் முன்னால். அணைக்க மறந்தது நான். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

காவிரிக்கரை
27 ஜூன், இரவு 8.05

வங்கியிலிருந்து ஒன்றும் வரவில்லை. 10 வேலை நாள் முடிந்துவிட்டது. 9,500 கூட இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது, அது ஒரு நல்ல செய்தி.

பழைய_மேலாளர்
27 ஜூன், இரவு 9.30

அதே சுற்றறிக்கையில், புகார் வந்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவேண்டும் என்று இருக்கிறது. பல வங்கிகள் எடுக்க முடியாதபடி வைப்பார்கள், அது வேறு கதை. 90 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கி மேல்தான். இந்த மூன்றையும் தேதியோடு குறிப்பிட்டு, கிளைக்கு அல்ல, புகார்களைக் கவனிக்கும் வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். முகவரி வங்கித் தளத்தில் இருக்கும். கிளை மேலாளரைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம். அவர் கையில் ஒன்றும் இல்லை, நான் அந்த நாற்காலியில் இருந்தவன்.

காவிரிக்கரை
18 ஜூலை, மாலை 6.22

பதில் வந்துவிட்டது, ஒரே பத்தி. 'மூன்று பரிவர்த்தனைகளும் வாடிக்கையாளரின் பதிவுபெற்ற எண்ணுக்கு அனுப்பப்பட்ட ஓ.டி.பி. மூலம் வெற்றிகரமாக உறுதிசெய்யப்பட்டன. ஆகவே இது அனுமதிக்கப்பட்ட பரிவர்த்தனை. புகார் முடிக்கப்படுகிறது.' 10.05 அழைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்பா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, 'அனுமதிக்கப்பட்ட என்பது செயப்பாட்டு வினை. அனுமதித்தவன் யார் என்று எழுதவில்லை பார்' என்றார்.

வழக்கறிஞர்_நெல்லை
18 ஜூலை, இரவு 7.15

அப்பா வழக்கறிஞராகியிருக்கவேண்டும்.

இந்த வாதத்துக்கு நேராக ஒரு வழக்கு இருக்கிறது. 2021-இல் இணையத்தில் துணி வாங்கிய ஒருவர் அதைத் திருப்பி அனுப்ப முயன்றார். கடையின் சேவை மையம் என்று சொல்லி அழைத்தவன் ஒரு செயலியை நிறுவச் சொன்னான். 94,000 ரூபாய்க்கு மேல் போனது. ஓ.டி.பி., பின் எதையும் பகிரவில்லை என்றார் அவர். வங்கி, நீங்கள்தான் பொறுப்பு என்றது. கவுகாத்தி உயர் நீதிமன்றம் வங்கிதான் தரவேண்டும் என்றது. பாரத ஸ்டேட் வங்கி உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 3 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தலையிட மறுத்துவிட்டது. 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ததும், மோசடியைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் வங்கியிடம் இருக்கவேண்டும் என்பதும் அதில் பேசப்பட்டன.

உங்கள் வழக்கு அப்படியே அதுதான் என்று சொல்லமாட்டேன். அங்கே கடைத் தளத்திலிருந்து விவரம் கசிந்தது. இங்கே அப்பா கார்டு விவரத்தைத் தட்டச்சு செய்திருக்கிறார். எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். ஆனால் 'ஓ.டி.பி. சரி, ஆகவே அனுமதி' என்ற ஒற்றை வரி நிற்காது.

பழைய_மேலாளர்
19 ஜூலை, காலை 6.50

இனி ஓம்புட்ஸ்மன், அதாவது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 2021 நவம்பர் 12 முதல் எல்லா வங்கிக்கும் ஒரே குறைதீர்ப்புத் திட்டம்தான், ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார்த் தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. சந்தேகம் இருந்தால் 14448, தமிழிலும் பேசுவார்கள். வங்கி பதில் தராமல் 30 நாள் ஆகியிருக்கவேண்டும், அல்லது தந்த பதில் உங்களுக்கு ஏற்காததாக இருக்கவேண்டும். இரண்டாவது உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

வரிசை மாறக்கூடாது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு ஓம்புட்ஸ்மனிடம் போனால் எடுக்கமாட்டார்கள். போலீஸ் புகார் இருப்பது தடையில்லை, அதைத் திட்டத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். சில கிளைகளில் 'போலீஸ்ல கேஸ் இருக்கே' என்று குழப்புவார்கள், மயங்காதீர்கள்.

சுங்குடிக்கடை
2 ஆகஸ்ட், பகல் 1.10

என் கணக்கு திறந்துவிட்டது! 1,150-க்கு மட்டும் லியன், மீதி இயங்குகிறது. எட்டு மின்னஞ்சல், இரண்டு பதிவுத் தபால். கடைசியில் வேலை செய்தது அந்தச் சேலையோடு அவர் கண்ணாடி முன் நின்ற கேமராப் பதிவு. வக்கீல் சாருக்குக் கடையில் ஒரு சேலை காத்திருக்கிறது, வீட்டம்மாவுக்கு.

காவிரிக்கரை
9 அக்டோபர், இரவு 8.44

கொஞ்சம் நல்ல செய்திகள். ஆகஸ்டில் கூப்பன் தளம் பயன்படுத்தாத 6,000-ஐ ரத்து செய்து திருப்பியது. போன வாரம் நடுவர் நீதிமன்ற உத்தரவோடு 31,200 வந்தது. அந்தக் கணக்குக்காரர் கல்லூரி மாணவர். கணக்கை 3,000 ரூபாய்க்கு யாருக்கோ 'வாடகைக்கு' விட்டிருக்கிறார். அவருக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. என்னால் முழுதாகக் கோபப்பட முடியவில்லை, முழுதாக இரக்கப்படவும் முடியவில்லை.

சுங்குடிக்கடை
9 அக்டோபர், இரவு 9.31

3,000-க்கா! எங்கள் தெருவில் பையன்களிடம் இதைச் சொல்லவேண்டும். கமிஷன் தருகிறோம், பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் கொடு என்று இங்கேயும் கேட்டு அலைகிறார்கள். அப்புறம் ஒன்று: இந்த அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையில் யு.பி.ஐ.யில் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதியை நிறுத்திவிட்டார்கள். 'உங்களுக்குப் பணம் வருகிறது, பின் போடுங்கள்' என்று என் வாடிக்கையாளர் இருவர் அதில் மாட்டியிருக்கிறார்கள். பணம் வாங்கப் பின் எதற்கு என்று அந்த நேரத்தில் தோன்றாது போல.

காவிரிக்கரை
21 நவம்பர், மாலை 7.05

ஓம்புட்ஸ்மன் அலுவலகத்திலிருந்து முடிவு. 10.18-க்குப் போன 9,500-ஐ வங்கி வரவு வைத்துவிட்டது. அம்மாவின் எண் பதிவுபெற்ற எண் அல்ல என்று வாதிட்டுப் பார்த்தார்கள். கார்டை முடக்கியதே அந்த அழைப்பில்தானே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. முதல் இரண்டு பரிவர்த்தனைகளுக்கு, அப்பா கார்டு விவரம் கொடுத்ததால் வங்கி மேல் குறை காண முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

கணக்கு: போனது 83,500. வந்தது 46,700. மிச்சம் 36,800.

பழைய_மேலாளர்
21 நவம்பர், இரவு 8.20

தம்பி, இதுவே பலருக்குக் கிடைக்காதது. இத்தோடு நிறுத்தினாலும் தவறில்லை. 71 வயதில் அவரை அலைக்கழிக்கவேண்டுமா என்று யோசியுங்கள்.

வழக்கறிஞர்_நெல்லை
21 நவம்பர், இரவு 8.55

நான் மேலாளர் ஐயாவோடு ஒத்துப்போகவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இணையத்திலேயே பதியலாம். இரண்டு ஆண்டாக ஒரே மாதிரி செலவழித்த ஓய்வூதியக் கணக்கில், இரவு 9.42-க்கும் 9.44-க்கும் 74,000 போகும்போது வங்கியின் கண்காணிப்பு என்ன செய்தது? யாரும் இதுவரை பதில் சொல்லாத கேள்வி அது.

காவிரிக்கரை
23 நவம்பர், காலை 10.40

இரண்டு கருத்தையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கூடவே அந்தத் திருப்பதி அறை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அதையும் மனுவில் எழுது, மறைத்தால் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்' என்றார்.

மனுவை அவரே கையால் எழுதுகிறார். ஏழு பக்கம் வந்துவிட்டது. வக்கீல் சார், மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி இங்கே எழுதினால் உதவியாக இருக்கும். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

வழக்கறிஞர்_நெல்லை
23 நவம்பர், காலை 11.15

ஐயாவுக்கு வணக்கம். மூன்று பக்கம் போதும். செயப்பாட்டு வினை பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.